கை தூக்கும் வகுப்பு

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய காரியங்களுக்காகப் பிறக்கிறார்கள். எஸ் சார் பிறந்தது, ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்த்து, வினைச்சொல்லின் வாலில் ஓர் எஸ்ஸை ஒட்டுவதா பிடுங்குவதா என்று தீர்ப்புச் சொல்வதற்காக. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவரும் சிரித்ததில்லை.

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. கீழே மெத்தைக் கடை, மேலே பயிற்சி நிலையம். நிலையத்தை நடத்துகிறவரை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். அவர் ஒரு காலத்தில் கீழே மெத்தைதான் விற்றுக்கொண்டிருந்தார். நிம்மதியாகத் தூங்க நினைப்பவர்களைவிடத் தூக்கம் கெட்டுப் படிக்க நினைப்பவர்கள் ஊரில் அதிகம் என்று கண்டுகொண்டதும், மச்சானிடம் கடையை விட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

ஏறும்போது மெத்தைத் தொழிலின் ஞானத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஃபோம் அறுப்பவர் உறை தைக்க மாட்டார், உறை தைப்பவர் பசை தடவ மாட்டார். அதே மாதிரி ஆங்கில இலக்கணத்தையும் துண்டு துண்டாக அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். காலங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு டென்ஸ் சார். இன், ஆன், அட் என்று சில்லறைச் சொற்களை மேய்க்க ஒரு ப்ரிபொசிஷன் மேடம். செய்வினை செயப்பாட்டுவினைக்கு ஒரு வாய்ஸ் சார். அவருக்கு வருஷம் முழுக்கத் தொண்டை கட்டியிருக்கும். எழுவாய்க்கும் வினைக்கும் ஒருமை பன்மையில் பொருத்தம் பார்க்கும் துண்டு நம்மவருக்கு வந்து சேர்ந்தது. தரகர் வேலை மாதிரிதான். என்ன, பொருந்தாத ஜோடியைக் கையோடு பிரித்துவைப்பதும் இதே தரகரின் பொறுப்பு.

தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் அந்த ஒரே பாடத்தைத்தான் நடத்திவருகிறார். மாணவர்கள் அவரை எஸ் சார் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதே ஆமாம் போடுவது போலிருந்ததால், அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. வாழ்க்கையில் அவருக்கு ஆமாம் போட்டவர்கள் குறைவு.

ஒவ்வொரு வகுப்பும் இப்படித்தான் தொடங்கும். "எஸ்ஸுங்கிறவ ரெண்டு மகன்களைப் பெத்த அம்மா. மூத்தவன் பெயர்ச்சொல், சின்னவன் வினைச்சொல். ரெண்டு பேர் வீட்டுலயும் ஒரே சமயத்துல இருக்க மாட்டா. 'தி டாக்ஸ் பார்க்'. அம்மா மூத்தவன் வீட்டுல இருக்கா. 'தி டாக் பார்க்ஸ்'. மூத்த மருமகளோட ஒத்துப்போகல, மூட்டையைக் கட்டிக்கிட்டுச் சின்னவன்கிட்ட வந்துட்டா. புரியுதா?"

"ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லிட்டா, சார்?" என்று கடைசி வரிசையிலிருந்து எவனாவது கேட்பான்.

"அது இறந்த காலம். டென்ஸ் சாரைப் போய்க் கேளு."

வகுப்பே உருண்டு சிரிக்கும். அவர் நகைச்சுவைக்காக அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது டென்ஸ் சாரின் துண்டு.

இனி அவருடைய கண்டுபிடிப்புக்கு வருவோம். உலகம் அதற்குப் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை, தண்டனை கொடுத்தது. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வகுப்புக்கு நேர் கீழேதான் ஃபோம் அறுக்கும் இயந்திரம். அது ஓடத் தொடங்கினால் பிள்ளைகள் சொல்லும் பதில் அவர் காதுக்கு எட்டாது. 'இஸ்' என்கிறானா 'ஆர்' என்கிறானா என்று வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்று கண்ணும் கெட்டது. கடைசியில் ஒரு வழி கண்டார். எழுவாய் ஒருமை என்றால் இடது கையில் ஒற்றை விரல். பன்மை என்றால் விரித்த கை. வாயே திறக்கக் கூடாது. அவர் வாக்கியத்தைத் தொடங்குவார். வினைச்சொல்லின் விளிம்பு வரைக்கும் வந்து சட்டென்று நின்றுவிடுவார். அந்த நிறுத்தத்தில் வகுப்பு முழுக்கக் கைகள் எழும்பும்.

உதாரணம் தேடி அவர் தூரம் போனதில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும். "தி காலிட்டி ஆஃப் தீஸ் மேட்ரஸஸ்…" என்று நிறுத்துவார். புதிதாக வந்தவர்கள் 'மேட்ரஸஸ்' என்ற பன்மையைப் பார்த்து ஏமாந்து கையை விரிப்பார்கள். பழகியவர்கள் ஒற்றை விரல் காட்டுவார்கள். இங்கே எழுவாய் மெத்தைகள் இல்லை, அவற்றின் தரம். தரம் ஒன்றே ஒன்றுதான். கீழே வாங்கியவர்களுக்கு அதுவும் சந்தேகம்.

"யோசிக்காத! யோசிச்சா தப்பாயிடும்!" என்று வகுப்பு முழுக்க நடந்துகொண்டே கத்துவார். "நீ சும்மா இரு. கை யோசிக்கட்டும்!"

சில வாரங்களில் கை உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடும். மண்டை தூங்கினாலும் விரல் விழித்திருக்கும். இப்படி ஒரு படையை அவர் ஆண்டுதோறும் உருவாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மட்டும் அவர் இலக்கணம் செல்லுபடியாகவில்லை. மனைவி பள்ளிச் சீருடைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். முன்னறையின் பாதியை அவளுடைய தையல் மெஷினும் மீதியை நீலநிறக் கால்சட்டைகளும் பிடித்திருந்தன.

"ஏங்க, பத்துச் சட்டை வந்துச்சு, எடுத்து உள்ள வைங்க" என்பாள்.

"வந்தன."

"என்னது?"

"பத்துச் சட்டைகள்னா வந்தன."

"நம்ம வீட்டுக்கு எதுவும் வந்தனன்னு வந்ததில்லீங்க. எப்பவாவது ஒண்ணுதான் வந்துச்சு. அதையும் நீங்க திருத்தி அனுப்பிச்சுடாதீங்க."

அவர்களுக்கு ஒரே மகள். நன்றாகப் படிப்பவள். கல்லூரி முடித்ததிலிருந்து அரசுத் தேர்வு வாரியத்தின் எழுத்தர் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறிப்போகும். கணக்கில் முன்னால் நிற்பாள், பொது அறிவில் பறப்பாள், ஆங்கிலத்தில் வந்து இடறி விழுவாள். இருந்தும் அப்பாவின் வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "வீட்டுல கேக்குறது போதும்" என்பாள். புத்தகம் வாங்கிப் படித்தாள், தோழியிடம் கேட்டுப் படித்தாள். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

இந்த வருஷம் வயது வரம்பின் கடைசி வருஷம். இதை விட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், தட்டவும் முடியாது. அவள் ஒரு காலை வேளையில் பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே மாடி ஏறினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதல் நாள் விரலைத் தூக்க வெட்கப்பட்டாள். ஒரு மாதத்தில் வகுப்பிலேயே வேகமான விரல் அவளுடையதாக இருந்தது. எஸ் சார் அதைக் கவனிக்காதது போல் கவனித்தார். அந்த நாட்களில் அவர் படியேறும்போது மூச்சு வாங்கவில்லை என்று வாய்ஸ் சார் கட்டைக் குரலில் சாட்சி சொல்லியிருக்கிறார்.

தேர்வன்று அவள் மதியத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கால்சட்டைக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"எழுதி முடிச்சுட்டேன்மா. எல்லாமே வந்துச்சு. ஆனா பேப்பரைத் தனிக் கவர்ல போட்டு சீல் வெச்சுட்டாங்க."

"ஏன்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். அந்தத் தேர்வில் பகுதி பகுதியாக மணி அடிப்பார்கள். மணி அடித்தால்தான் பக்கத்தைப் புரட்டலாம். மூன்றாவது மணிக்கு எல்லோரும் புரட்டினார்கள். ஆங்கிலம், முதல் கேள்வியே எழுவாய் வினைப் பொருத்தம். கூடத்தின் மூலைக்கு ஒருவராகச் சிதறி உட்கார்ந்திருந்த எஸ் சாரின் பிள்ளைகள் ஒரு டஜனுக்கும் மேல். வாக்கியத்தைப் படித்தார்கள். அத்தனை பேரின் இடது கையும் ஒரே சமயத்தில் எழும்பியது. ஒற்றை விரல். அடுத்த கேள்வி, விரித்த கை. அதற்கடுத்தது, ஒற்றை விரல்.

மேற்பார்வைக்கு வந்திருந்த இளைஞனுக்கு அதுதான் முதல் நாள் வேலை. காப்பியடிப்பவர்களைப் பிடிப்பது எப்படி என்று முந்தின நாள்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சைகை என்ற தலைப்பில் என்னென்ன சொன்னார்களோ, அத்தனையும் கண்முன்னால் அணிவகுத்து நின்றன. பாவம், அவன் வேறு என்ன செய்வான்?

"உனக்குமா கை தூக்குச்சு?" என்று எஸ் சார் கேட்டார்.

"எனக்குத் தெரியவே இல்லப்பா. அவர் வந்து கையைப் பிடிச்சப்பதான் தூக்கியிருக்கேன்னே தெரியும்."

அம்மா கையிலிருந்த கால்சட்டையைக் கீழே வைத்தாள். எஸ் சாரின் மனத்தில் மட்டும், யாரும் பார்க்காத ஒரு மூலையில், ஒரு சின்ன எண்ணம் தலைகாட்டியது. 'முதல் கேள்விக்கு ஒற்றை விரல். சரியாகத்தான் தூக்கியிருக்கிறார்கள்.' உடனே அதை அடித்து உட்கார வைத்தார்.

வாரியம் விசாரணைக் குழு போட்டது. குற்றம் இல்லை என்றால் சீல் வைத்த உறைகளைப் பிரித்துத் திருத்துவார்கள். குற்றம் என்றால் அப்படியே கிழித்துப் போட்டுவிட்டு, பெயரைத் தடைப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் வயது இருந்தது, தடை முடிந்ததும் திரும்ப எழுதலாம். எஸ் சாரின் மகளுக்கு மட்டும் அந்த உறைக்குள் இருந்ததுதான் எல்லாம்.

டைரக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். மெத்தை விற்ற வாய். கல்லைக்கூடப் பஞ்சென்று சொல்லிப் படுக்க வைத்துவிடும்.

"குழு என்ன கேக்கப்போவுது? இந்தக் கை, விடையைச் சொல்லுதா இல்லையான்னு கேக்கும். விடையைச் சொல்லுச்சுன்னா பின்னாடி இருக்கறவன் பார்த்து எழுதலாம், அது காப்பி. சொல்லலன்னா அது வெறும் பழக்கம். நகம் கடிக்கற மாதிரி, காலை ஆட்டற மாதிரி. அதுக்கு யாரும் தண்டிக்க முடியாது. அதனால அங்க போய் எல்லாரும் ஆளுக்கு ஒரு மாதிரி தூக்குங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்கக் கூடாது."

"அப்படின்னா தப்பா தூக்கணுமா?" என்று எஸ் சார் கேட்டார்.

"கலந்து, சார், கலந்து."

"நான் சொல்லிக் கொடுத்தது ஒண்ணுமே இவங்களுக்குப் பிடிபடலன்னு காட்டணும். அதானே?"

"ஒரு நாளைக்குத்தானே சார்! அப்புறம் வழக்கம்போல பிடிபடட்டும்."

ஒத்திகை தொடங்கியது. தவறு செய்யக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எஸ் சாருக்கு அன்றுதான் தெரிந்தது. வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவார். பிள்ளைகள் பல்லைக் கடிப்பார்கள், முகம் சிவப்பார்கள், கை சரியாகத்தான் எழும்பும். "மாத்துங்க, மாத்துங்க" என்று டைரக்டர் கத்தினால், எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து தப்பாகத் தூக்குவார்கள். அது இன்னும் மோசம். சங்கேத மொழி என்று ஓர் அகராதியே போட்டுவிடலாம். கடைசியில் டைரக்டர் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்தார். "நீ எப்பவும் ஒத்தை விரல். நீ எப்பவும் முழுக் கை. நீ தூக்கவே தூக்காத. நீ, இடுப்புல கையை வெச்சுக்க." எஸ் சாரின் மகளுக்கு எப்போதும் முழுக் கை என்று தீர்மானமானது. அவள் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு பழகினாள்.

விசாரணைக்குக் கிளம்பும் காலையில் மனைவி சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தாங்க, ஒரே ஒரு விஷயம். அங்க போய் அரைமணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. கல்யாணம் ஆனதுலேருந்து நான் கேக்கறது அது ஒண்ணுதான். எனக்காக இல்ல, அவளுக்காக."

"நான் என்ன பேசப்போறேன்?"

"அதான் பயமா இருக்கு."

விசாரணை அறை, தண்டிக்கப் போகிற அறைகளுக்கே உரிய முறையில், கொஞ்சம் அதிகமாகவே குளிர்ந்திருந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி. எல்லோரையும் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பது போல் பார்க்கும் அம்மாள். ஒரு பக்கம், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பினர். மறுபக்கம் இருந்தவர் குறிப்பெழுதுவது போன்ற முகத்தோடு தூங்கினார். சுவரோரம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எஸ் சாருக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதலில் கூடத்தின் கேமராவில் பதிவான காட்சியைத் திரையில் ஓடவிட்டார்கள்.

எஸ் சார் தன் வகுப்பை மேலிருந்து பார்த்ததே இல்லை. பார்த்தார். மணி அடிக்கிறது. நூற்றுக்கணக்கான தலைகள் குனிந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவில், இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்காமல், அவருடைய பிள்ளைகளின் கைகள் எழுகின்றன. ஒரே உயரம், ஒரே நேரம். இறங்குகின்றன. மறுபடி எழுகின்றன. ஒரு கைகூடப் பிந்தவில்லை. ஜன்னலோரம் இருந்த அவர் மகளின் விரல் மற்றவர்களைவிட இமைப்பொழுது முன்னதாகவே எழுந்தது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் வாழ்நாள் உழைப்பை யாராவது படம் பிடித்துக் காட்டினால் யாருக்குத்தான் நிறையாது? அதைக் குற்றத்தின் சாட்சியமாகக் காட்டினார்கள் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒரு சின்னத் தகவலாகத்தான் பட்டது.

"இது வெறும் பழக்கம்னு சொல்றாங்க" என்றார் தலைவி. "சரி, பார்த்துடுவோம். நான் ஒரு வாக்கியம் சொல்றேன், அங்க எப்படித் தூக்கினீங்களோ அப்படியே தூக்குங்க."

அவர் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் படித்தார். படிக்கும் முறை வேறு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒருவன் ஒற்றை விரல், ஒருத்தி முழுக் கை, ஒருவன் இடுப்பில் கை, இன்னொருவன் பதற்றத்தில் கட்டைவிரல். அடுத்த வாக்கியம், அதே கூத்து. அதற்கடுத்தது, அதே.

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். "மேடம், இதைப் பார்த்து எவனாவது காப்பி அடிச்சா அவனுக்குப் பூஜ்யம்தான் கிடைக்கும்!"

தலைவியின் முகமும் இளகியது. எஸ் சாரின் மகளைக் கைகாட்டினார். "நீ சொல்லும்மா. வாயாலேயே சொல்லு. இப்ப நான் சொன்ன வாக்கியத்துல எழுவாய் ஒருமையா, பன்மையா?"

அவள் எழுந்து நின்றாள். ஒருமை என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அந்த ஒரு விஷயம் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"பன்மைங்க, மேடம்."

"பாவம்" என்று கண்ணாடிக்காரர் பேனாவை மூடி வைத்தார். "இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியல. காப்பியடிக்கவாவது ஏதாவது தெரிஞ்சிருக்கணுமில்ல? விட்டுடுவோம், மேடம். விசாரிக்கிறதா இருந்தா இதுங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆளைத்தான் விசாரிக்கணும். இத்தனை வருஷமா என்னத்தைய்யா நடத்தினீங்க?"

தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துச் சிரித்தார். தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னாலிருந்த தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். அது முடிக்கப் போகிறவர்களின் சைகை. நல்ல முடிவு; எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளைகளின் தோள்கள் இறங்கின.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, எச்சரிக்கை இருந்தது, அம்மாவின் முகமும் இருந்தது. எஸ் சார் அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். என்னத்தைய்யா நடத்தினீங்க என்ற கேள்வி மட்டும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து, அங்கிருந்து மேலே ஏறியது. ஒரே ஒரு வாக்கியம், என்று நினைத்தார். யாருக்கும் கேட்காதபடி, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போல. அது பாடம்கூட இல்லை. மனுஷனுக்கு வரும் ஒரு பெருமூச்சு.

"தி காலிட்டி ஆஃப் தீஸ் மேட்ரஸஸ்…"

நிறுத்தினார். நிறுத்த வேண்டிய இடத்தில்.

சுவரோரம் இருந்த அத்தனை இடது கைகளும் எழுந்தன. ஒரே உயரம், ஒரே நேரம், ஒற்றை விரல். எப்போதும் முழுக் கை என்று பங்கு வாங்கியவர்கள், தூக்கவே கூடாது என்று பங்கு வாங்கியவன், இடுப்பில் கை வைத்திருந்தவன், எல்லோரும். நின்றுகொண்டிருந்த மகளின் வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்த கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இடது கை மேலே போயிருந்தது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்லுங்க, சார்" என்றார் தலைவி. இளக்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "பன்மையா ஒண்ணு சொல்லுங்க."

எஸ் சார் வாய் திறக்கவில்லை. திறக்காமலிருக்க வேண்டிய நேரத்தை அவர் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். என்ன, கொஞ்சம் பிந்திவிட்டது.

திரும்பும்போது பேருந்தில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகு அவள் கேட்டாள்.

"ஏம்ப்பா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

"நீ பன்மைன்னு சொன்னியேம்மா. தாங்கலம்மா எனக்கு."

"தப்புன்னு எனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"உனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் மனைவி எதுவும் கேட்கவில்லை. மூடிய வாயைக் கேட்டவளுக்கு அவர் முகமே பதில் சொல்லிவிட்டது. மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் தைத்த கால்சட்டை ஒன்றில் கால் நுழையும் வழியையே சேர்த்துத் தைத்துவிட்டாள் என்று பிற்பாடு புகார் வந்தது.

உறைகளைக் கிழித்தார்கள். பெயர்களைத் தடைப் பட்டியலில் ஏற்றினார்கள். டைரக்டர் எஸ் சாரை அனுப்பிவிடுவதென்று முடிவு செய்து, அதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஓர் அதிசயம் நடந்தது.

செய்தி வெளியே பரவியது. பரவும்போது அது வேறு சட்டை மாட்டிக்கொண்டது. காப்பியடித்துப் பிடிபட்ட நிலையம் என்று ஊர் பேசும் என எதிர்பார்த்தார்கள். ஊர் அப்படிப் பேசவில்லை. "அங்க படிச்சா கை தானாவே விடையைச் சொல்லுமாம். வாரியமே பயந்துபோய்த் தூக்கி வெளியில போட்டுடுச்சாம்" என்று பேசியது. பெற்றோர்கள் படையெடுத்தார்கள். படியில் வரிசை நின்றது. கீழே மெத்தை வாங்க வந்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் மச்சானோடு சண்டை போட்டார்கள்.

டைரக்டர் சேர்க்கையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இன்னொரு மாடியைப் பிடித்தார். எஸ் சாருக்கு மைக் வாங்கிக் கொடுத்தார். வாசலில் பெரிய பலகை மாட்டினார். அதில் ஒற்றை விரல் காட்டும் ஒரு கை. ஆனால் வகுப்புக்குள் கை தூக்கக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு. எல்லோரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எஸ் சார் மைக்கில் வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினால் எதிரே ஒன்றும் நடக்காது. பெஞ்சுகள் மட்டும் லேசாக அசையும்.

மகள் வேறு வேலை தேடினாள். எங்கே போனாலும் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள், தடைப் பட்டியல் முதலில் வந்து நின்றது. கடைசியில் டைரக்டர்தான் கூப்பிட்டார். சேர்க்கை மேசையில் உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். "உன்னைவிட இதைப் பத்தி விளக்கிச் சொல்ல யாரும்மா இருக்காங்க?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. வியாபாரத்தில் அவர் கேலி செய்வதே கிடையாது.

அவள் ஒத்துக்கொண்டாள். படி முடியும் இடத்தில் அவளுக்கு மேசை. வருகிற பெற்றோரிடம் எல்லாம் விசாரணைக் கதையைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் சேருகிறார்கள். அவள் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்வாள். அலுவலகத்தில் உறவுமுறை கூடாது என்பது டைரக்டரின் விதி. அதனால் அப்பாவை சார் என்று கூப்பிட்டாள். சில மாதங்களில் அந்த வழக்கம் படியிறங்கி வீட்டுக்கும் வந்துவிட்டது. "சார் சாப்பிட்டாச்சாம்மா?" என்று அவள் ஒருநாள் அடுப்படியில் கேட்டபோது, அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ் சார் முன்னறையில் இருந்தார். அவர் திருத்தவில்லை.

ஒரு காலை அவர் படியேறி வரும்போது மேசைக்கு முன்னால் ஓர் அம்மா மகனோடு நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரிம்மா, விளம்பரத்துக்குச் சொல்றதை விடு. நீ இங்க படிச்ச பொண்ணுதானே? உண்மையைச் சொல்லு. அந்த வாத்தியார் நடத்தினா மனசுல நிக்குமா?"

"நிக்கும், மேடம்" என்றாள் அவள். "என்னால இன்னும் மறக்க முடியல."

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டியா?" என்றார். கைப்பையைத் திறந்தார்.

எஸ் சார் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போக அந்த மேசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மகள் ரசீதிலிருந்து தலை தூக்காமலேயே சொன்னாள்.

"கிளாஸுக்கு நேரமாச்சு, சார். உள்ள எல்லாரும் வந்துட்டாங்க."